வந்த படத்தை நிறுத்தியவர்

ஜீப் வருவதைப் பார்த்த பிறகுதான் அவர் அந்தப் பொத்தானை அழுத்தினாரா? இல்லை, அவர் அழுத்தியதற்கும் ஜீப் வந்ததற்கும் சம்பந்தமே கிடையாதா?

ஒன்பது வருடமாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ திடீரென்று இந்தக் கேள்வி வந்து நிற்கும். வேண்டுமென்றேதான் செய்தார் என்று ஒரு நாள் முடிவு செய்வேன். மறுநாளே, அவர் எல்லோரிடமும் அப்படித்தானே செய்தார் என்று மாற்றிக்கொள்வேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்காவது விளங்கலாம்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதலாமா என்று கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. நீலகிரியில் நடுவட்டத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட் பக்கம் எல்லோருக்கும் அவர் கேபிள்காரம்மா. கேபிள் டிவியை முதலில் நடத்தியது அவருடைய கணவர். தேயிலை விலை விழுந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் பாதி பூட்டப்பட்டு, இணைப்புகள் குறைந்தபோது கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். வயர்ச் சுருள், மூங்கில் ஏணி, எண்பது வீட்டு இணைப்பு எல்லாம் இந்த அம்மாவின் தலையில் வந்து விழுந்தன. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, மேலே கணவருடைய முழுக்கை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கொண்டையில் டெஸ்டரைக் குத்தியபடி சில்வர் ஓக் மரத்தில் ஏறுவார். முதல் வருடம் ஆண்கள் கீழே நின்று சிரித்தார்களாம். அடுத்த வருடம் ஏணியைப் பிடித்தார்களாம்.

நான் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்த புதிதில் அவரை முதல்முறை பார்த்தேன். கம்பெனி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் மட்டும்தான் கொஞ்சம் பெரிய டிவி. படம் வரவில்லை. மாலை சீரியலுக்காகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேபிள்காரம்மா வந்து, டிவிக்குப் பின்னால் குனிந்து, வயர் நுனியில் இருந்த பித்தளை மூடியை மாற்றிச் செருகினார். படம் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். உடனே அவர் அதைப் பிடுங்கினார்.

“அய்யய்யோ, வந்துச்சே! எதுக்கு இப்ப புடுங்குற?” என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

“எதனால வந்துச்சுன்னு தெரிய வேணாமா?”

“வந்தாப் போதாதா? அங்க தாலி கட்டப் போறான்!”

“கட்டட்டும். நாளைக்கு எப்படியும் அவுத்துருவான், அப்பப் பாரு.”

நிதானமாகப் பழைய மூடியைத் திரும்ப மாட்டினார். படம் வரவில்லை. புதியதை மாட்டினார். வந்தது. “வயரையும் ஆட்டுனேன், மூடியையும் மாத்துனேன். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் போயிட்டா, ராத்திரி மறுபடியும் போகும். நீங்க என்னைத் திட்டுவீங்க. இப்ப வெளங்குதா?” என்றார். யாருக்கும் விளங்கவில்லை. தாலி கட்டி முடிந்திருந்தது.

அதுதான் அவர். எது சரியானாலும் மறுபடியும் ஒருமுறை கெடுத்துப் பார்க்காமல் வீட்டுப் படி இறங்க மாட்டார். “கேபிள்காரம்மா வந்தா சீரியலு ரெண்டு வாட்டி போகும்” என்பது லயத்தில் பழமொழி போல ஆகியிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில் சர்ச்சில் மைக் வேலை செய்யவில்லை. இவர்தான் சரி செய்தார். பாடகர் குழு பாட ஆரம்பித்ததும் நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார். கடைசியில் ஃபாதர் கீழே இறங்கி வந்து, “ஏம்மா, ஆண்டவரே ஒரு தடவைதான் உயிர்த்தெழுந்தாரு. இந்த மைக்கை நீ எத்தனை தடவை சாகடிப்ப?” என்று கேட்டாராம். “அவருக்கு எப்படின்னு தெரிஞ்சிருந்துச்சு ஃபாதர். எனக்குத் தெரியலையே” என்றாராம் இவர்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவள். பி.காம். படித்தும் ஒரு கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்ப்பேன். மகள் பிறந்த பிறகு அது இன்னும் அதிகமானது. ஒருநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பி, வாசலிலிருந்து மூன்றாவது முறை வீட்டுக்குள் திரும்பியபோது அவர் எதிரே வந்தார்.

“என்ன புள்ள, எதை மறந்த?”

“ஒண்ணுமில்லீங்க்கா. கேஸ் மூடினனான்னு...”

“மூடித்தான இருந்துச்சு?”

“ஆமாங்க.”

“ரெண்டாவது வாட்டியும்?”

“ஆமாங்க. நீங்களுந்தானுங்க்கா எல்லாத்தையும் ரெண்டு வாட்டி பாக்கறீங்க.”

சிரித்தார். “நான் பாத்தா ஏதோ ஒண்ணு புதுசா தெரிஞ்சுக்குறேன். நீ பாத்து என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்ட?”

எனக்குக் கோபம் வந்தது. அன்று பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அந்த வருடங்களில் பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போயிருந்தது. சிறு விவசாயிகள் பறிக்காமல் விட்டதில் செடிகள் மரமாக நின்றன. எங்கள் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அதில்தான் என் கணவர் கொழுந்து லாரி ஓட்டினார். ஆபீஸில் எடை எழுதும் கிளார்க் வேலை எனக்கு. இரண்டில் எது போனாலும் நாங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

என் ஒன்பது மாத மகள் பகலெல்லாம் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகள் ஆறு பேர், இவளோடு ஏழு. சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதைப் பிள்ளைமடுவம் என்பார்கள். கேபிள்காரம்மாவும் அப்படித்தான் சொல்வார். முன்பு அங்கே இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்க ஒருவரை நிறுத்திவிட்டார்கள். அவருக்குப் பதிலாகக் கோயம்புத்தூரில் இருக்கும் முதலாளி ஒரு கேமரா வாங்கி அனுப்பினார். காப்பகத்தின் மூலையில் கேமரா, என் மேஜைக் கணினியில் படம். எடை எழுதிக்கொண்டே நான் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் காப்பகத்துக்குப் போன் செய்ய வேண்டும். இதுதான் ஏற்பாடு. மூன்று மாதம் பார்த்துவிட்டு, சரிப்பட்டு வராவிட்டால் காப்பகத்தையே மூடி, குழந்தைகளை எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கீழ் டிவிஷன் ஒரு மணி நேர நடை. வழியில் சோலை, காட்டெருமைகள் நிற்கும் இடம். விடியற்காலையில் கைக்குழந்தையோடு யார் போவார்கள்? தாய்மார்கள் வேலையை விடுவார்கள். நானும் விட வேண்டியிருக்கும்.

காப்பகத்திலிருந்து ஆபீஸ் வரை மூன்று சில்வர் ஓக் மரங்களில் வயரைக் கட்டிக் கொண்டுவந்தவர் கேபிள்காரம்மாதான். படம் வந்த அன்றும் வழக்கம்போல நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பறித்த கொழுந்தை எடை போடப் பெண்கள் நாளுக்கு மூன்று முறை ஆபீஸுக்கு வருவார்கள். ஒவ்வொரு எடைக்கும் மாரியாயி என்ற பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டும்.

“கிளார்க்கம்மா, எம்மவன் என்ன பண்றான்?”

“தூங்கறானுங்க.”

“ஸ்வெட்டர் போட்டிருக்கானா?”

“போட்டிருக்கான்.”

“குப்புறவா, மல்லாக்கவா?”

“மல்லாக்க.”

“அப்ப ரைட்டு” என்று போய்விடுவாள்.

இரண்டரை மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மதியம் இடி விழுந்து மோடம் கருகிவிட்டது. புது மோடத்தை ஒருவர் கொண்டுவந்து மாட்டி, இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஓடும் பஸ்ஸைப் பிடித்துப் போனார். அவர் போன பிறகு கணினியில் ஒரு பெட்டி எழுந்து நின்று கேள்வி கேட்டது. நீங்கள் இருப்பது வீடா, அலுவலகமா, பொது இடமா? எங்கள் ஆபீஸுக்குள் ஊரே வந்துபோகும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறவர்கள்கூட பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இதை அலுவலகம் என்பதா, பொது இடம் என்பதா? குழம்பினேன். கீழே சின்ன எழுத்தில், நிச்சயமாகத் தெரியாவிட்டால் பொது இடம் என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று போட்டிருந்தது. எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரிந்ததில்லை. அதையே அழுத்தினேன்.

அதன் பிறகு பார்த்தால் கேமராப் படம் கறுப்பாக இருந்தது.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடியில் கேமராவும் போய்விட்டது என்றே நினைத்தேன். மேனேஜரிடம் சொன்னால் காப்பகத்தை மூடும் பேச்சு வரும். சொல்லவில்லை. அன்று மூன்றாவது எடைக்கு மாரியாயி வந்து கேட்டாள். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே, “தூங்கறானுங்க” என்றேன். அவள் “ரைட்டு” என்று போனாள். மறுநாளும் அதே பொய். என் மகள் என்ன செய்கிறாள் என்று எனக்கும் தெரியாது. காப்பகம் எண்பது மீட்டர் தூரம்தான். ஆனால் எடை நேரத்தில் எழுந்து போக முடியாது.

மூன்றாம் நாள் குன்னூரில் கணினி வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பையன், “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க மேடம். எல்லாரும் அதான் பண்றாங்க” என்றான். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து கணினிக்குள் வருவதை நிறுத்தி, விசாரித்து விடுகிற காவல் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அணைத்தேன். உடனே படம் வந்தது. ஆயாம்மா, தூளி, தரையில் உருளும் டம்ளர், என் மகள். மேஜையில் தலை வைத்து அழுதேன்.

ஆனால் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கேடயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லோருடைய சம்பள விவரமும் அந்தக் கணினியில்தான். பேங்க் வேலை வந்தால் காவலைப் போடுவேன், படம் போய்விடும். முடித்ததும் காவலை எடுப்பேன், படம் வரும். ஐந்து நாள் இப்படி மாறி மாறிச் செய்தேன். குழந்தைக்காகக் கதவைத் திறந்து வைத்ததும் தப்பாகத் தெரிந்தது, சாத்தியதும் தப்பாகத் தெரிந்தது.

எட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு முதலாளி வருகிறார், காப்பகத்தை வைப்பதா மூடுவதா என்று அன்றே சொல்லிவிடுவார் என்றார் மேனேஜர். தொங்கிய வயரை இழுத்துக் கட்டுவதற்காகக் கேபிள்காரம்மாவை வரச் சொல்லியிருந்தார். கட்டி முடித்து ஒன்பதரை மணிக்கு ஆபீஸுக்குள் வந்தவர் நேராகத் திரையைப் பார்த்தார்.

“இதென்ன செவப்பு?”

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காவலைத் திரும்பப் போட்டுவிட்டார். படம் போனது.

“அக்கா! ஓடிட்டு இருந்ததை எதுக்குங்க நிறுத்தறீங்க? முதலாளி வர்றாருங்க!”

“புள்ள, கல்லட்டி செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக் கொண்டு போறாங்களான்னு வண்டியை நிறுத்திப் பாக்குறாங்கல்ல? உன் லாரியை மறிக்கிறான்னு செக்போஸ்ட்டையே பேத்து எறிஞ்சுட்டா லாரி போகும்தான். பின்னாடி என்னென்ன போகும்னு யாரு பாக்குறது?”

“அப்ப என்னங்க செய்யறது?”

“உன் லாரியை எதுக்கு மறிக்கிறான்னு கேக்கணும்.”

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலில் கணினியில் கேமராவின் முகவரி எண்ணைத் தட்டி, அது இணைப்பில் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தார். கேமரா பதில் சொன்னது. “வயரு நல்லாருக்கு, கேமராவும் உசுரோட இருக்கு. அப்ப இடி மேல பழி போடாத.” பிறகு ஃபயர்வால் யார் யாரை உள்ளே விடுகிறது என்ற பட்டியலைத் திறந்தார். கேமராப் படத்தைக் காட்டும் மென்பொருளின் பெயர் அதில் இருந்தது. அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள். வீடு, அலுவலகம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. பொது இடம் என்ற கட்டத்தில் இல்லை. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

“எந்த நாள்ல இருந்து வரல?”

“மோடம் மாத்தின அன்னைக்கிருந்துங்க.”

“மாத்துனப்ப ஏதாச்சும் கேட்டுச்சா?”

“இல்லீங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. காத்திருந்தார். “ஒரு பெட்டி வந்துச்சுங்க” என்றேன்.

“என்ன அழுத்துன?”

“பொது இடம்னு. நிச்சயமாத் தெரியலைன்னா அதை அழுத்தச் சொல்லிப் போட்டிருந்துச்சுங்க்கா.”

ஸ்டூல் ஆடும்படி சிரித்தார். “உனக்குன்னே எழுதி வச்சிருக்கான் பாரு! பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கோம்னு நெனச்சு அது எல்லாக் கதவையும் சாத்திக்கிச்சு. அது மேல தப்பே இல்ல புள்ள. நீ சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.”

என் கன்னம் சுட்டது. எட்டு நாளும் எல்லாம் என்னால்தான். அவர் பொது இடத்தை அலுவலகம் என்று மாற்றினார். காவலும் இருந்தது, படமும் வந்தது. கேடயம் பச்சையாகியிருந்தது. அப்போது மணி பத்து. எனக்கு உயிர் வந்தது.

“கெடுத்துப் பாத்துருவோமா?” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாமுங்க்கா. இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம். கும்பிட்டுக்கறேன்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து கீழே ரோட்டு வளைவு தெரியும். வளைவிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து நிமிடம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வளைவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக என் கையை விலக்கினார். மறுபடியும் பொது இடம் என்று மாற்றினார். படம் கறுப்பானது. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“திரும்பப் போடுங்க்கா.”

“இரு புள்ள, நல்லா நிக்குதான்னு பாக்கணும்.”

வாசலில் ஜீப் நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மேனேஜர் முன்னால், முதலாளி பின்னால்.

“என்னம்மா இது, கறுப்பா இருக்கு?” மேனேஜர் முகம் மாறியது.

“கெடுத்து வச்சிருக்கேன் தொரை” என்றார் கேபிள்காரம்மா, எழுந்திருக்காமல்.

முதலாளி முன்னால் வந்தார். “கெடுத்து வெச்சிருக்கீங்களா? ஏனுங்க?”

“மோடம் மாத்துனப்ப ஒரு செட்டிங் தப்பா விழுந்துருச்சுங்க. இன்னைக்குத்தான் கண்டுபுடிச்சேன். அதுதானான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.” யார் விரல் பட்டுத் தப்பாக விழுந்தது என்று அவர் சொல்லவில்லை.

“அப்ப இத்தனை நாளாப் படம் வரலீங்களா?” அவர் என்னைப் பார்த்தார்.

வந்துட்டுத்தான் இருந்துச்சுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே முதல் எடைக்காகக் கூடை இறக்கிக்கொண்டிருந்த பெண்களில் மாரியாயியும் நின்றாள். “மூணு நாள் சுத்தமா வரலீங்க சார். அப்புறம் விட்டு விட்டு வந்துச்சுங்க. அந்த மூணு நாளும் குழந்தைக தூங்குதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாமயே சொன்னேனுங்க.”

“அடிப்பாவி!” என்ற குரல் ஜன்னலிலிருந்து வந்தது.

முதலாளி, “அப்ப அந்த மூணு நாளும் புள்ளைகளைப் பாத்தது யாருங்க?” என்றார். “ஆயாம்மா ஒருத்தருங்க” என்றேன். “சரி, போடுங்க பாக்கலாம்” என்றார்.

கேபிள்காரம்மா அழுத்தினார். படம் வந்தது.

ஆயாம்மா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் என் மகள் திறந்திருந்த வாசலை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே நான்கு கல் படிகள். எனக்குச் சொல்லியிருந்தபடி காப்பகத்துக்குப் போன் செய்தேன். படத்தில் ஆயாம்மா தலையைத் தூக்கினார். ஊட்டுவதை நிறுத்தி, இடுப்புக் குழந்தையைத் தரையில் விட்டு, போன் இருந்த உள் அறைக்குள் போனார். வாசலிலிருந்து இன்னும் தூரமாக.

“அட, அவங்க அந்தப் பக்கம் போறாங்களே!” என்று முதலாளி கத்தினார்.

நான் போனைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் மாரியாயி கூடையோடு ஓடி வந்தாள். எண்பது மீட்டர் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மகள் முதல் படியின் விளிம்பில் உட்கார்ந்து, ஆயாம்மாவின் ரப்பர் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் செருப்பை நீட்டினாள். மாரியாயி தன் மகனைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னொரு வாட்டி பொய் சொன்ன, உன் எடைக் கல்லையே தூக்கி உன் மண்டையில போடுவேன்” என்றாள். பிறகு என் மகளின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

குழந்தையோடு நான் ஆபீஸுக்குத் திரும்பியபோது பேச்சு முடிந்திருந்தது. முதலாளி, முன்பு நிறுத்திய ஆயாவைத் திங்கட்கிழமையிலிருந்து திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டாராம். “கேமரா இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். விலை எப்படிப் போகுதுன்னு அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்றார் முதலாளி. மேனேஜர் தலையாட்டினார். கேபிள்காரம்மா மட்டும், “ஒரு நிமிசம் தொரை” என்று அவர்கள் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை படத்தை நிறுத்தி, போட்டு, “இப்பத்தான் முடிஞ்சுச்சு” என்று டெஸ்டரைக் கொண்டையில் செருகிக்கொண்டு, டீ வருவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

காப்பகத்தை மூடவில்லை. நாங்களும் மலையை விட்டு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து நடுவட்டம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்துக் கேட்டே விட்டேன். “அக்கா, அன்னைக்கு ஜீப் வர்றதைப் பாத்துட்டுத்தான் நிறுத்துனீங்களா?”

“எந்த ஜீப்பு?” என்றார்.

“முதலாளி ஜீப்புங்க.”

“ஓ, அது ஜீப்பா?” என்றார். பஸ் வந்தது. ஏறி, படிக்கட்டில் நின்று, கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வீடு டிஷ் வந்த பிறகு கேபிளை விட்டுவிட்டு, கணவர் இருக்கும் இடத்துக்கே போய்விட்டார். என்னிடம் இருந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

இப்போது இங்கே நிலைமை கொஞ்சம் தேவலை. திருப்பூருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த லயத்து வீடுகளில் துணி காய்கிறது. காப்பகத்தில் பதினேழு குழந்தைகள். என் இரண்டாவது குழந்தை, ஒன்றரை வயதுப் பையன், அதில் ஒருவன். நான் இன்னும் அதே ஆபீஸில்தான் இருக்கிறேன். பதினேழு பேருக்கு இரண்டு ஆயாக்கள் போதவில்லை என்று தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். புது மேனேஜர், மூன்றாவது ஆளுக்குப் பதிலாக எல்லாத் தாய்மாரின் கைபேசியிலும் படம் தெரியும்படி செய்துவிடலாம் என்கிறார். சில பெண்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆயாக்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. எனக்கோ, பதினேழு கைபேசியில் ஓடுகிற படம் பதினெட்டாவதாக யாரிடம் போகும் என்ற கவலை. அதே நேரத்தில், என் கையில் அந்தப் படம் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்ற ஆசையும் இருக்கிறது. அடுத்த வாரம் என் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்று வேண்டும் என்று, ஒன்று வேண்டாம் என்று.

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் எனக்குத் தயவு செய்து எழுதுங்கள். இந்த மாதிரிப் படம் உங்கள் கையில் இருக்கிறதா? கேமரா நன்றாக இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டாம், அது எனக்கே தெரியும். படம் நின்றுபோன ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அன்று உங்கள் குழந்தையின் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதை எழுதுங்கள்.